தமயந்தி கட்டியிருக்கும் சேலை

தமயந்தி மகாபாரதக் கிளைக்கதையில் வரும் விதர்ப்ப நாட்டு இளவரசி. அவள் என்ன உடுத்தியிருந்தாள் என்று சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. ஆனாலும் திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்தில் ராஜா ரவிவர்மாவின் ‘ஹம்ச தமயந்தி’ முன்னால் வந்து நிற்பவர்களுக்கு அந்தச் சந்தேகமே எழுவதில்லை. சரிகைக்கரை போட்ட சிவப்புச் சேலையில் நின்றபடி, அன்னம் நளனைப் பற்றிச் சொல்வதை அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். படம் 1899-ல் வரைந்தது. சேலையும் கிட்டத்தட்ட அந்தக் காலத்துச் சேலைதான். புராண காலத்துப் பெண்ணுக்கு யார் இதைக் கட்டிவிட்டார்கள், எந்த ஊரில் பார்த்துக் கட்டிவிட்டார்கள் என்று கேட்டால் ரவிவர்மாவின் முழுக் கதையும் வந்துவிடும். டீ ஒன்று சொல்லிவிட்டு உட்காருங்கள், கொஞ்சம் பின்னாலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ரவிவர்மா பிறந்தது 1848-ல், திருவனந்தபுரத்துக்கு வடக்கே கிளிமானூரில். பதினான்கு வயதில், 1862-ல், மாமா ராஜராஜ வர்மா அவரைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்து வந்தார். அப்போது திருவிதாங்கூருக்கு ஆயில்யம் திருநாள் மகாராஜா. மாமாவும் ஓவியர்தான், தஞ்சாவூர்ப் பாணியில் வரைபவர். அந்த அரண்மனையில் ஓவியம் என்றாலே தமிழ்நாட்டுக் கைதான் இருந்தது. முன்பிருந்த மன்னர் சுவாதித் திருநாள் காலத்திலேயே மதுரையிலிருந்து அளகிரி நாயுடு வந்திருந்தார். ரவிவர்மா வந்த சமயத்தில் ராமசாமி நாயக்கர் அரண்மனை ஓவியர். எண்ணெய் வண்ண வித்தை அவருக்குத் தெரியும், ஆனால் பையனுக்குக் கற்றுத்தர மறுத்துவிட்டார். அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை குருவுக்குத் தெரியாமல் வந்து சொல்லிக்கொடுத்தார் என்று வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1868-ல் தியடோர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் மகாராஜாவை வரைய வந்தார். அவரும் பாடம் எடுக்கவில்லை, வரையும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள மட்டும் அனுமதித்தார். மீதியெல்லாம் ரவிவர்மா தானாகவே செய்து செய்து பழகியது. அரசவைத் தமிழ் ஓவியர்களைப் பற்றி இரண்டு வரியில் முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆறுமுகம் பிள்ளையின் பெயரையாவது நாம் ஞாபகம் வைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

எண்ணெய் வண்ணத்தில் அப்படி என்ன இருக்கிறது? நம் சுவரோவியத்திலும் தஞ்சாவூர்ப் படத்திலும் முதலில் கோடு போட்டு, கோட்டுக்குள் வண்ணத்தை நிரப்புவார்கள். வண்ணம் சீக்கிரம் காய்ந்துவிடும். எண்ணெய் வண்ணம் ஆளிவிதை எண்ணெய் போன்றவற்றில் குழைத்தது, காய நாள்கணக்கில் ஆகும். ஈரம் இருக்கிறவரை ஒரு நிறத்தை அடுத்த நிறத்துக்குள் தூரிகையால் இழைத்துக் கொண்டுபோகலாம். கன்னத்தில் வெளிச்சம் எங்கே முடிந்தது, நிழல் எங்கே தொடங்கியது என்று கோடு கிழித்துச் சொல்ல முடியாமல் செய்யலாம். தஞ்சாவூர் ஓவியர் சரிகையைக் காட்டத் தங்க ரேக்கு ஒட்டுவார். எண்ணெயில் தங்கமே வேண்டாம். காவியும் பழுப்பும் பூசி, மடிப்பு திரும்பும் இடத்தில் மட்டும் ஒரு கீற்று வெளிர்மஞ்சள் வைத்தால் போதும், தள்ளி நின்று பார்க்கிறவருக்கு ஜரிகை பளபளக்கும். அடுத்த தடவை போகும்போது படத்துக்கு ஓரடி கிட்டே போய்ச் சேலையின் கரையைப் பாருங்கள். அங்கே சரிகை இருக்காது, அழுக்கு மஞ்சள் தீற்றல்கள்தான் இருக்கும். நான்கடி பின்னால் வாருங்கள், பட்டாகிவிடும்.

இந்தக் கருவி கைக்கு வந்ததும் அவர் வரைந்தது யாரை என்பதுதான் நான் சொல்லவந்த விஷயத்தின் ஆணிவேர். 1873-ல் சென்னைக் கண்காட்சியில் அவருக்குத் தங்கப் பதக்கம் வாங்கிக்கொடுத்த படத்தில் தெய்வமும் இல்லை, அரசனும் இல்லை. ஒரு நாயர் பெண் கண்ணாடி முன்னால் தலையில் பூச்சரம் வைத்துக்கொள்கிறாள், அவ்வளவுதான். அதே ஆண்டு வியன்னா கண்காட்சியிலும் அதற்குப் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டு சென்னையில் மறுபடியும் பதக்கம். இந்தமுறை சுவரபத் என்ற நரம்புக் கருவியை வாசிக்கும் ஒரு தமிழ்ப் பெண். அந்தப் படம் பிறகு பிரின்ஸ் ஆஃப் வேல்ஸுக்கு அன்பளிப்பாகப் போனது. நாடு முழுக்க அவர் பெயர் பரவியது பூ வைக்கும் கையாலும் தந்தி மீட்டும் விரலாலும்தான். லட்சுமியும் சரஸ்வதியும் பின்னால் வந்தவர்கள்.

இனி பயணம். திருவனந்தபுரத்துக்கு ரயில் வந்தது 1918-ல்தான். ரவிவர்மா இறந்தது 1906-ல். அதாவது தம் ஊரில் அவர் ரயில் ஏறியதே இல்லை. தென்கிழக்கே மாட்டுவண்டியில் நாஞ்சில்நாடு வழியாகத் திருநெல்வேலிச் சீமைக்கு வந்து ரயில் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் காயல் வழியே படகில் வடக்கே போக வேண்டும். அந்தக் காலத்தில் அங்கிருந்து கிளம்பி சென்னை, மைசூர், பம்பாய், பரோடா, வடஇந்திய ஊர்கள் என்று சுற்றியிருக்கிறார். கூடவே தம்பி சி. ராஜராஜ வர்மா. அவரும் நல்ல ஓவியர், இயற்கைக் காட்சிகளில் கை தேர்ந்தவர், அண்ணனுக்கு வலதுகை. அவர் எழுதிய நாட்குறிப்பு அச்சில் இருக்கிறது. ஓவியர்களின் அன்றாடப் பாடு, யார் வீட்டில் தங்கினார்கள், பம்பாயில் எந்த நாடகம் பார்த்தார்கள் என்பதெல்லாம் அதில் வருகிறது. ரவிவர்மாவைத் தெரிந்துகொள்ள நினைப்பவர் அதைப் படிக்காமல் விடக்கூடாது.

இந்தப் பயணங்களில் மிகப் பெரிய காரியமாக அமைந்தது பரோடா வேலை. 1888-ல் பரோடா மகாராஜா சாயாஜிராவ், புதிதாக எழும்பிக்கொண்டிருந்த லட்சுமி விலாஸ் அரண்மனைக்காகப் பதினான்கு புராணப் படங்கள் கேட்டார். ரவிவர்மாவுக்கு ஒரு சிக்கல் வந்தது. நளனும் தமயந்தியும் தேவகியும் சுபத்திரையும் எந்த ஊர் ஆடையில் இருக்க வேண்டும்? மலையாளப் பெண்கள் இடுப்பில் கட்டும் முண்டும் தோளில் போடும் நேரியதும் பரோடாவில் யாருக்கும் புரியாது. வடக்கத்திப் பாவாடை தெற்கே எடுபடாது. அதனால் அண்ணனும் தம்பியும் கிளம்பி வடக்கே ஊர் ஊராகப் போய் உடை, நகை, கட்டடம், ஆளின் சாயல் என்று பார்த்தார்கள். பழங்கால ஆடை என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒன்று எங்கேயும் அகப்படவில்லை. கிடைத்ததெல்லாம் கண்முன்னே நடமாடிய பெண்கள்தான். கடைசியில் அவர் எடுத்த முடிவு சேலை. முக்கியமாக மராட்டியப் பக்கம் பார்த்த சேலை, அதன் முந்தானை விழும் விதம், இடுப்பில் கொசுவம் நிற்கும் விதம். பதினான்கு படங்களும் 1890-ல் முடிந்தன. பரோடாவுக்கு அனுப்பும் முன் திருவனந்தபுரத்தில் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள், கூட்டம் திரண்டது.

யோசித்துப் பார்த்தால் அந்த முடிவு எவ்வளவு பெரியது என்று விளங்கும். இன்று நாடகத்திலோ சினிமாவிலோ சீதை வந்தாலும் திரௌபதி வந்தாலும் சேலைதான். பள்ளி ஆண்டுவிழாவில் சரஸ்வதி வேஷம் போடும் குழந்தைக்கு அம்மா தேடி எடுப்பதும் வெள்ளைச் சேலைதான். நம் கோயில் சிற்பங்களில் இருக்கும் தேவியரைப் பாருங்கள், அவர்கள் உடுத்தியிருப்பது வேறு மாதிரி. சிற்பத்துக்கும் நம் மனசில் இருக்கும் உருவத்துக்கும் நடுவில் ஒரு மனிதர் மாட்டுவண்டியிலும் படகிலும் ரயிலிலும் ஊர் சுற்றியிருக்கிறார்.

அவர் பார்த்துச் சேர்த்ததை ஒரே படத்தில் காண வேண்டுமானால் 1889-ல் மைசூர் அரசருக்காக வரைந்த ‘கலைஞர்கள் கூட்டம்’ இருக்கிறது. மைசூர் ஜெகன்மோகன் அரண்மனையில் பார்க்கலாம். பதினொரு பெண்கள், ஒவ்வொருத்தியும் ஒரு பக்கத்து ஆடையில். வீணை வைத்திருக்கும் நாயர் பெண், முஸ்லிம் பெண், மராட்டியப் பெண், பின்னால் பார்ஸிப் பெண், தொப்பி வைத்த ஐரோப்பியச் சாயல் பெண். இந்தியா என்று ஒரு தேசம் மனசளவில் உருவாகிக்கொண்டிருந்த காலம் அது. அதைப் பெண்களின் உடைகளை வைத்தே சொல்லிவிட முயன்றிருக்கிறார். எனக்கு இந்தப் படத்தில் ஒரு குறை உண்டு. பதினொரு பேரும் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள், ஆனால் ஒருத்திக்கு ஒருத்தி பேச்சே இல்லை. தனித்தனியாகப் பார்த்து வைத்திருந்தவர்களை ஒரே படத்தில் கொண்டுவந்து வைத்தது தெரிந்துவிடுகிறது.

அந்தக் குறை இல்லாத படம் ‘அதோ அப்பா வருகிறார்’. 1893-ல் வரைந்தது. மாதிரியாக நின்றது மகள் மகாபிரபா. இடுப்பில் குழந்தை, பக்கத்தில் நாய். மூவரின் கவனமும் படத்துக்கு வெளியே, வந்துகொண்டிருக்கும் யாரோ ஒருவர் மேல் இருக்கிறது. அப்பா படத்தில் இல்லை. தாயின் முழு எடையும் குழந்தை இருக்கும் பக்கம் சாய்ந்திருப்பதைக் கவனியுங்கள். குழந்தையை இடுப்பில் வைத்து அரைமணி நேரம் நின்ற யாருக்கும் அந்த நிலை தெரியும். முண்டின் வெள்ளை ஒரே வெள்ளை இல்லை, மடிப்புக்கு மடிப்பு சாம்பலும் மஞ்சளும் ஓடுகிறது.

இதில் இன்னொரு அடுக்கும் உண்டு. நாயர் வீடுகளும் ரவிவர்மாவின் குடும்பமும் மருமக்கள்தாய முறையைப் பின்பற்றியவை. குழந்தைகள் தாய் வீட்டைச் சேர்ந்தவை, வீட்டுக்குத் தலைவர் தாய்மாமன். அப்பா வந்து போகிறவர். ரவிவர்மாவின் சொந்தப் பிள்ளைகளும் மனைவியின் மாவேலிக்கரைக் குடும்பத்தில்தான் வளர்ந்தார்கள். சம்பந்தம் என்ற அந்த வழக்கத் திருமண உறவைச் சட்டப்படித் திருமணமாகப் பதிவு செய்ய மலபாரில் 1896-ல் சட்டம் வந்தது. அதற்கு மூன்று வருஷம் முன்னால் ஒருவர், அப்பாவை எதிர்பார்த்து நிற்கும் வீட்டை வரைகிறார். பழைய குடும்ப அமைப்பு தளர்ந்து புதியது வருவதன் அடையாளமாக ஆய்வாளர்கள் இதைப் படிக்கிறார்கள். எனக்கு அதோடு இதுவும் தோன்றும்: வருஷத்தில் பாதி நாள் ஊர் ஊராகத் திரிந்த ஒரு தகப்பன், தான் வீடு திரும்பும் நேரத்தில் அங்கே என்ன நடக்கும் என்று எண்ணி வரைந்த படமாகவும் இது இருக்கலாம்.

அதே 1893-ல் சிகாகோ கண்காட்சிக்குப் பத்துப் படங்கள் போயின. விவேகானந்தர் பேசிய சர்வமத சபை கூடியதும் அந்தக் கண்காட்சியை ஒட்டித்தான். பத்தும் பெரும்பாலும் பெண்கள்: மலையாளப் பெண், பம்பாய்ப் பாடகி, கல்யாணப்பெண்ணுக்கு அலங்காரம், நாடோடிக் குடும்பம். பதக்கங்களும் கிடைத்தன.

இப்போது புராணப் படத்துக்கு வருவோம். 1898-ல் வரைந்த சகுந்தலை. துஷ்யந்தனை இன்னொரு தடவை பார்க்க வேண்டும், தோழிகளுக்குத் தெரியவும் கூடாது. காலில் முள் குத்தியதுபோல நின்று, தோழியின் தோளைப் பிடித்துக்கொண்டு, காலைத் தூக்கித் திரும்பிப் பார்க்கிறாள். கதை காளிதாசனுடையது. ஆனால் ஒற்றைக் காலில் நிற்கும்போது உடம்பு எப்படி வளையும், தோளில் எத்தனை பாரம் இறங்கும் என்பது காளிதாசனைப் படித்து வருவதில்லை. தண்ணீர்க் குடத்தோடு ஒற்றையடிப் பாதையில் நடக்கும் பெண்களைப் பார்த்துத்தான் வரும். அவருடைய புராணப் படங்களில் உயிரோடு இருப்பவை இப்படி வீட்டுப் படங்களிடம் கடன் வாங்கியவை. கடன் வாங்காத இடங்களில், குறிப்பாக ஆண்கள் வரும் இடங்களில், நாடக மேடை தெரிகிறது. அர்ஜுனனும் நளனும் எனக்கு ஒருநாளும் நம்பும்படி இருந்ததில்லை.

இந்தப் புராணப் படங்களுக்காகவே அவர் திட்டும் வாங்கினார். சகுந்தலை தரையில் படுத்தபடி தாமரை இலையில் காதல் கடிதம் எழுதும் படத்தை விவேகானந்தரின் சீடரான சகோதரி நிவேதிதை கடுமையாகச் சாடினார். பெண் அப்படி உடம்பை நீட்டிப் படுத்திருப்பதை ஓவியமாக்கலாமா என்பது அவர் கோபம். யாழ்ப்பாணத் தமிழ் வேர் கொண்ட கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசுவாமி, இது நாடகத்தனம், நம் மரபின் ஆழம் இதில் இல்லை என்றார். பாரதியோ ரவிவர்மா மறைந்தபோது ‘ஓவியர்மணி இரவிவர்மா’ என்று இரங்கல் பாடினார். குமாரசுவாமி சொன்னதில் பாதி எனக்கு உடன்பாடு. நிவேதிதை சொன்னது துளியும் உடன்பாடில்லை. பெண் வீட்டில் உட்காருவாள், படுப்பாள், சாய்ந்துகொள்வாள். அதைப் பார்க்கத் தெரிந்ததுதான் ரவிவர்மாவின் பலம்.

படங்கள் அரண்மனைகளில் மட்டும் மாட்டியிருந்தால் இவ்வளவு பேச வேண்டியிருக்காது. திருவிதாங்கூரிலும் பிறகு பரோடாவிலும் திவானாக இருந்த டி. மாதவராவ், படங்களை அச்சடித்துப் பரப்பலாமே என்று 1884-லேயே யோசனை சொல்லியிருந்தார். பத்து வருஷம் கழித்து, 1894-ல், பம்பாயில் அச்சகம் தொடங்கியது. இயந்திரமும் வல்லுநர்களும் ஜெர்மனியிலிருந்து வந்தார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சுண்ணக்கல், ஒரே தாள் கல் மேல் கல்லாக ஏறி இறங்கும். கடைசியில் துணியில் வரைந்ததுபோலத் தெரிய மேலே சொரசொரப்பு அழுத்தி, வார்னிஷ் பூசுவார்கள். முதலில் வந்தது சகுந்தலையின் பிறப்பு. பிளேக் பரவிய பிறகு அச்சகம் லோனாவலா பக்கம் மளவலிக்கு மாறியது. பணக் கஷ்டத்தில் கடைசியாக ஜெர்மானியத் தொழில்நுட்பர் ஃப்ரிட்ஸ் ஷ்லைஷரிடம் கைமாறியது. கோயிலுக்குள் போக அனுமதிக்கப்படாதவர்கள் வீட்டுக்கும் அங்கே அச்சான லட்சுமி வந்து சேர்ந்தாள். அவள் முகம் ஏதோ ஒரு வீட்டுப் பெண்ணின் முகம். தமிழ்நாட்டில் அந்த வழியை எடுத்துக்கொண்டு போனவர் கோவில்பட்டியின் காலண்டர் ஓவியர் கொண்டையராஜு. நம் வீட்டுக் காலண்டர் தெய்வங்களின் கன்னத்துச் செம்மைக்கும் சேலை மடிப்புக்கும் கிளிமானூர் வரை வேர் ஓடுகிறது.

இவ்வளவு சொன்னபிறகு, அவர் வரையாத பெண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ரவிவர்மாவுக்குப் பதினோரு வயது இருக்கும்போது, 1859-ல்தான், நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று திருவிதாங்கூர் அரசு அறிவித்தது. அதுவும் உயர்சாதிப் பெண்களைப்போல அணியக்கூடாது என்ற நிபந்தனையோடு. தோள்சீலைக்காக நாஞ்சில்நாட்டுப் பெண்கள் எத்தனை வருஷம் அடிபட்டார்கள், எத்தனை வீடு எரிந்தது என்று நாகர்கோவில் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. திருநெல்வேலிக்குப் போகும் வண்டிப்பாதையும் அந்த ஊர்களின் நடுவேதான் ஓடியது. தேவியருக்கு என்ன சேலை கட்டுவது என்று இந்தியா முழுக்கத் தேடிய ஓவியரின் படங்களில் அந்தப் பெண்கள் இல்லை. அவருடைய நாயர் பெண்ணின் நேரியது அவ்வளவு அழகாகத் தோளில் கிடக்கும்போது, அந்தத் துணி யாருக்கு மறுக்கப்பட்டது என்ற நினைவு எனக்கு வராமல் இருப்பதில்லை. அவர் வரைந்த ஏழைப் பெண்கள் மிகக் கொஞ்சம். சிகாகோவுக்குப் போன நாடோடித் தாய் அதில் ஒருத்தி. அந்தப் படத்தைப் பார்க்கும்போது, இந்தத் திசையில் இன்னும் பத்துப் படம் வரைந்திருக்கக் கூடாதா என்று ஏக்கம் வருகிறது.

மியூசியம் வளாகத்துக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. அங்கே உள்ள ஸ்ரீசித்ரா கலைக்கூடம் 1935-ல் சித்திரைத் திருநாள் மகாராஜா திறந்தது. ரவிவர்மாவின் பேத்தியரில் இருவர் 1900-ல் அரச குடும்பத்துக்குத் தத்துப் போனார்கள். அவர்களில் ஒருவரான சேது பார்வதி பாயின் மகன்தான் சித்திரைத் திருநாள். கொள்ளுத்தாத்தாவின் படங்களுக்குக் கொள்ளுப்பேரன் கட்டிய வீடு என்று சொல்லலாம். ரவிவர்மாவுக்கென்று தனிக் கூடமும் 2023-ல் அதே வளாகத்தில் திறந்திருக்கிறார்கள். போனால் ரவிவர்மாவோடு நிறுத்திக்கொள்ளாமல் அவருடைய தங்கை மங்களாபாய் தம்புராட்டி வரைந்ததையும் கேட்டுப் பாருங்கள். அண்ணன்மார் இருவரும் பரோடா, பம்பாய் என்று போய்க்கொண்டிருந்த காலத்தில் அரண்மனைப் பெண்ணான அவருக்கு அந்தப் பயணங்கள் வாய்க்கவில்லை. வீட்டிலிருந்தே வரைந்தார். அண்ணனின் உருவப்படம் ஒன்று வரைந்திருக்கிறார். ‘பிக்ஷை’ என்று ஒன்று, வாசலுக்கு வந்தவர்களுக்குப் பிச்சை இடும் காட்சி. 1865-ல் பிறந்து 1954 வரை வாழ்ந்தவர். வாசல்படியில் நின்று ஒரு பெண்ணே இன்னொரு பெண்ணைப் பார்த்து வரைந்த அந்தப் படத்துக்குக் கால்மணி நேரமாவது ஒதுக்குங்கள். தமயந்தியிடம் அதற்கப்புறம் போகலாம். திங்கட்கிழமை விடுமுறை, அதைப் பார்த்துக் கிளம்புங்கள்.